சுபேதாரும் கான்பூர் ரிவால்வரும்

தென்னாட்டிலிருந்து கான்பூருக்குப் பிரயாணம் போகிறவர்களில் தோல் வியாபாரத்தின் நிமித்தம் போகிறவர்கள் ஒரு சாரார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் சுவடுகளைக் கங்கைக் கரையில் தேடிப் போகும் சரித்திரப் பித்தர்கள் என்னைப்போல் ஒரு சிலர். ஆனால், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, ஒரு நகைக்கடை அதிபரின் மெய்க்காவலராக அமர்வதற்கு முன்னால், தாம் இடுப்பில் தரிக்கப்போகும் கைத்துப்பாக்கி இன்னதென்று தம் கையாலேயே தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தவர், எனக்குத் தெரிந்த வரையில், எங்கள் சுபேதார் மாமா ஒருவர்தாம்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைச் சிப்பாய்களாக அனுப்பிய காரணத்தால் 'ராணுவப்பேட்டை' என்றே சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கிய கிராமம். அந்த ஊர்க்காரராகிய அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் சேவை புரிந்து, மீசை நரைத்தாலும் முதுகு வளையாமல் வீடு திரும்பியவர். உறவு முறையில் எனக்கு மாமா. ஊராருக்கோ, பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத 'சுபேதார்'. நம் பக்கத்துக் கடைகளில் கைத்துப்பாக்கி என்று காட்டுவதற்கு ஒன்றிரண்டு மாதிரிகளுக்கு மேல் இருப்பதில்லை. அவையும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். கான்பூரிலோ அவற்றைச் செய்கிற தொழிற்சாலையே இருக்கிறது. அந்தக் கிளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட பிட்டூருக்கும் சதிசௌரா கட்டத்துக்கும் நான் போய்வர எண்ணியிருக்கிறேன் என்று கேள்விப்பட்டதும், "மாப்பிள்ளை, பெண் பார்க்காமல் தாலி கட்டினாலும் கட்டலாம், பிடி பார்க்காமல் துப்பாக்கி வாங்கக் கூடாது, நானும் வருகிறேன்" என்று புறப்பட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நம் தேசத்துச் சட்டத்தின் விசித்திரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராணுவத்தில் சுபேதார் கையாண்டு பழகிய கைத்துப்பாக்கி, வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 9 மில்லிமீட்டர் பிரௌனிங் பிஸ்டல். 13 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின் உடையது. அதை இருட்டில் கழற்றி இருட்டிலேயே பூட்டுகிற அப்பியாசம் அவருக்கு உண்டு. ஆனால் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் 9 மில்லிமீட்டரையும் .38-ஐயும் .455-ஐயும் 'தடை செய்யப்பட்ட போர்' (போர் என்பது குழலின் உள்ளளவு) என்ற இனத்தில் ஒதுக்கி வைத்திருக்கின்றன. ஆகவே, சர்க்கார் தன் செலவிலேயே அவ்வளவு காலம் எதைக் கையாளக் கற்றுக் கொடுத்ததோ, அதை உத்தியோகத்திலிருந்து இறங்கிய மறுநாள் முதல் அவர் வைத்திருக்கலாகாது. சாதாரண உரிமத்தில் அவர் வாங்கத்தக்கது .32 போர் ரிவால்வர், .32 போர் பிஸ்டல், இவற்றுக்கும் கீழே .22 என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டு ஆயுதங்களைத் தனிமனிதர் இறக்குமதி செய்வதும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிற்று. அமெரிக்காவில் இதே உத்தியோகத்துக்குப் போகிற ஒருவன், எண்ணி மாளாத மாதிரிகளைப் பார்த்துத் திகைத்து நிற்பான். நம்மவருக்கு அந்தத் திகைப்பைச் சட்டமே தீர்த்து வைத்துவிடுகிறது.

உரிமம் வாங்கிய கதையும் சுவையானதே. கலெக்டர் அலுவலகத்து மனு, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்றிதழ், ஆயுதத்தைப் பூட்டி வைக்க வீட்டில் என்ன வசதி என்ற கேள்வி, இவை எல்லாம் ஒருவாறு நியாயமே என்று அவர் ஒப்புக்கொண்டார். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்பதற்கு 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள் கேட்கும் பயிற்சிச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும், தலைமுறை தலைமுறையாக ரங்கரூட்டுகளுக்கு அதையே போதித்துவந்த அந்த மனிதர், தம் மகன் வயதுள்ள ஒருவர் முன்னால் பெஞ்சியில் அமர்ந்து பாடம் கேட்டார். அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு அவரிடம் இருந்த மரியாதையை அதிகமாக்கிற்று.

முதலில் அவருக்கு வந்தது, வங்கிப் பணத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் காவல் உத்தியோகம். 2018-இல் மத்திய சர்க்கார் வகுத்த விதிகளின்படி அத்தகைய வண்டி ஒவ்வொன்றிலும், ஓட்டுநரும் பணத்துக்குப் பொறுப்பாளிகள் இருவரும் நீங்கலாக, ஆயுதம் தாங்கிய காவலர் இருவர் இருக்க வேண்டும். ஒரு நடைக்கு ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றலாகாது. நகரங்களில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும், கிராமப்புறங்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஏ.டி.எம்.களில் பணம் நிரப்பலாகாது. அந்த வேலைக்குத் தோளில் தொங்கும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியே போதுமானது; ஏனென்றால், அது சுடுவதைக் காட்டிலும் கண்ணில் படுவதனாலேயே தன் கடமையில் பெரும் பகுதியைச் செய்துவிடுகிறது. மெய்க்காவல் என்பது இதற்கு நேர் விரோதமான தொழில். கல்யாண மண்டபத்திலும், கோயில் பிராகாரத்திலும், ஓட்டல் வரவேற்பறையிலும் முதலாளியின் பின்னால் ஒரு முழ தூரத்தில் நிற்பவனிடம் ஆயுதம் இருக்க வேண்டும். ஆனால் இருப்பது பிறர் கண்ணை உறுத்தலாகாது. இந்த இரண்டு காவல்களுக்கும் இடையே உள்ள வேற்றுமையைச் சுபேதார் அறிந்த அளவுக்கு, அவரை வேலைக்கு அழைத்த முதலாளி அறிந்திருக்கவில்லை. அது பின்னால் தெரிய வந்தது.

சென்னையிலிருந்து லக்னோ எக்ஸ்பிரஸ் வடக்கே போகும் வழியை விஸ்தரிக்க வேண்டியதில்லை. பல்லார்ஷாவும் நாகபுரியும் இடார்சியும் போபாலும் வந்து போயின. ஜான்சியைத் தாண்டிப் புந்தேல்கண்டத்தின் வறண்ட பூமி தொடங்கியதும், ஸ்டேஷன் பிளாட்பாரங்களிலும் ரயில்வே கேட்டுகளின் அருகிலும், வேட்டியும் முண்டாசுமாக நிற்கும் மனிதர்களின் தோளில் துப்பாக்கி தொங்குவது கண்ணில் படலாயிற்று. நம்மூரில் குடை எடுத்துக்கொண்டு புறப்படும் சகஜ பாவத்தோடு இவர்கள் அதை மாட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு இறுதியில் தேசம் முழுவதிலும் இருந்த ஆயுத உரிமங்கள் ஏறத்தாழ 33.69 லட்சம் என்றும், அவற்றுள் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டுமே இருந்தன என்றும் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட கணக்கைப் படித்தபோது நம்பக் கஷ்டமாக இருந்த எனக்கு, வழியில் ஓரை என்ற ஊருக்கு அருகே அது பிரத்தியட்சமாயிற்று. சுபேதாரோ அந்தத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வார் தேய்ந்திருக்கிறது என்றும், குழலின் வாய் சக பிரயாணியின் காதை நோக்கியிருக்கிறது என்றும் மனம் நொந்துகொண்டே வந்தார்.

கல்பியில் ரயில் யமுனையைக் கடக்கிறது. 1858-ஆம் வருஷம் மே மாதத்தில் ஜான்சி ராணியும் அவரைச் சேர்ந்த கிளர்ச்சிக்காரர்களும் ஹியூ ரோஸின் படையோடு பொருதித் தோற்ற இடம் அது. ஆற்றின் உயர்ந்த கரையில் ஓடைகள் அறுத்துச் சென்ற பள்ளங்களைப் பார்த்தால், கல்பிக் கோட்டையை அங்கே ஏன் கட்டினார்கள் என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

கான்பூரைப் பற்றி அழகான நகரம் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. லால் இம்லி போன்ற பழைய ஆலைகளின் செங்கல் முகப்புகள் ஒரு காலத்தில் அந்த ஊருக்கு இருந்த தொழில் மகிமைக்குச் சாட்சியாக நிற்கின்றன. ஜாஜ்மௌ பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் வாடை, காற்று திரும்பும்போது ஊருக்குள் வருகிறது. ராணிப்பேட்டைக் காற்றில் வளர்ந்த சுபேதாருக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை; நான்தான் கைக்குட்டையை எடுத்தேன்.

துப்பாக்கிக் கடைகளும் தோல் சாமான் கடைகளும் அக்கம்பக்கமாக இருக்கும் வீதி மெஸ்டன் ரோடு. ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஜேம்ஸ் மெஸ்டனின் பெயர் அது. 1913-இல் அவருடைய ஆட்சியில்தான், புதிய சாலை ஒன்றின் பொருட்டு மச்லி பஜார் மசூதியின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, அதை எதிர்த்துக் கூடிய ஜனங்கள்மீது போலீசார் சுட, பலர் மாண்டனர். ஒரு துப்பாக்கிக் கடைத் தெருவுக்கு இப்படி ஒரு பூர்வோத்தரம் இருப்பதைக் கடைக்காரர்கள் அறிவார்களோ அறிய மாட்டார்களோ, யாரும் பேசவில்லை.

நாங்கள் நுழைந்த கடை இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் நீண்டு கிடந்தது. சுவரில் இரட்டைக் குழல் துப்பாக்கிகள் வரிசையாகச் சங்கிலியில் கோக்கப்பட்டிருந்தன. மேஜைமேல் ஒரு பெரிய பதிவேடு. அதன் பின்னால் மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர். அவர் முதலில் உரிமத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு, "சுபேதார் சாகப், வீட்டுக்கா, வேலைக்கா?" என்று ஹிந்தியில் கேட்டார். அந்தக் கேள்வி ஒன்றிலேயே சுபேதாருக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்துவிட்டது என்பதை நான் கண்டேன். வீட்டில் தலையணைக்கு அருகே பெட்டியில் பூட்டி வைக்கும் ஆயுதத்துக்குப் பருமனும் பாரமும் குற்றமல்ல; நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் இடுப்பில் சுமக்கும் ஆயுதத்துக்கு அவையே முதல் குற்றம்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது இங்கிலாந்தில் செய்த ஒரு பழைய வெப்லி. இறக்குமதி நின்றுபோனதால், இப்படிப்பட்ட பழைய சீமைச் சரக்குகள் கைமாறும்போதெல்லாம் விலை ஏறிக்கொண்டே போகின்றன. அந்த விலைக்கு நம்மூரில் ஒரு நல்ல மனை வாங்கலாம். சுபேதார் அதை வாங்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும், பழைய ரிவால்வர் ஒன்றை எப்படிப் பரிசோதிப்பது என்பதை எனக்குக் காட்டுவதற்காகவே அவர் அதைக் கையில் எடுத்தார் போலும். குழலைத் தரையை நோக்கிப் பிடித்து, பின்புறத் தாழை விரலால் தள்ளி மடக்கியதும், ரிவால்வர் நடுவில் முறிந்து ஆறு அறைகளும் வெறுமையாகத் தெரிந்தன. எனக்கும் ஒரு முறை, கடைக்காரருக்கும் ஒரு முறை காட்டினார். பிறகு தம் கட்டைவிரல் நகத்தைக் குழலின் பின் துவாரத்தில் வைத்து, நகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் குழலின் உட்புறத்தை முன்வாய் வழியாக உற்றுப் பார்த்தார். உள்ளே சுருண்டு ஓடும் பள்ளங்களின் விளிம்பு மழுங்கியிருந்தது. மூடி, பின் சுத்தியை மெதுவாக, மிக மெதுவாக இழுத்து, உருளை சுழன்று வந்து சரியான இடத்தில் 'க்ளிக்' என்று நிற்கிறதா என்று காதால் கேட்டார். விசையை அழுத்தியபடியே உருளையை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆடிற்று. "தாத்தாவுக்குப் பல் ஆடுகிறது" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்து வந்தது இச்சாப்பூர்ப் பிஸ்டல், 'அஷானி' என்ற பெயருடையது. தட்டையாக, இடுப்போடு ஒட்டிக் கிடக்கும் வடிவம். மறைத்து அணிவதற்கு ரிவால்வரைவிட உகந்தது என்பதில் சந்தேகமில்லை. ராணுவப் பிஸ்டலோடு வாழ்ந்தவர் இதையே எடுத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். யோசனையின் காரணத்தைப் பிறகு விளக்கினார். காவல் உத்தியோகத்தில் இருப்பவன் தன் வாழ்நாளில் ஒரு முறைகூடச் சுடாமலே ஓய்வு பெறலாம். ஆனால் தினந்தோறும் காலையில் ஆயுதத்தில் தோட்டா போடுகிறான், இரவில் எடுக்கிறான். காவலர் அறைகளில் நேரும் விபத்துகளில் பல, சண்டையில் நேர்வன அல்ல. இந்தப் போடுதலிலும் எடுத்தலிலும் நேர்வன. பிஸ்டலில் மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று களைத்த மனம் நம்பிவிடும். குழலின் பின்னறையில் ஒரு தோட்டா ஒளிந்திருக்கும். மேல்தட்டைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்தாலன்றி அது தெரியாது. பட்டாளத்தில் அதற்கென்று மணல் மூட்டைத் திட்டும், பக்கத்தில் நின்று அதட்டுவதற்கு ஒரு ஹவில்தாரும் உண்டு. "முதலாளி வீட்டுக் கார் ஷெட்டில் எனக்கு ஹவில்தார் யார், மாப்பிள்ளை?" என்று கேட்டார். ரிவால்வரை மடக்கினால் ஆறு துவாரமும் ஆறு கண்களாகத் தெரியும், அதில் பொய்யில்லை. மேலும், தோட்டா ஒன்று வெடிக்காமல் போனால், ரிவால்வரில் விசையை மறுபடி அழுத்த அடுத்த அறை தானே வந்து நிற்கும். பிஸ்டலில் இரண்டு கையும் வேண்டும். மெய்க்காவலனுக்கு இடது கை எப்போதும் முதலாளியின் தோளில்.

தோட்டாவின் பலத்தைப் பற்றி நான் கேட்டேன். .32 ரிவால்வரில் இடும் தோட்டா 1896-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் கொண்டுவந்தது, பிஸ்டலுக்குரிய .32 தோட்டா, பிரௌனிங் 1899-இல் வகுத்தது. பெயர் ஒன்றானாலும் ஒன்றுக்குரியதை மற்றொன்றில் இடலாகாது. இரண்டும் நம் நாட்டில் புனே அருகிலுள்ள கட்கித் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன. ரிவால்வர்த் தோட்டாவின் ஈயக் குண்டு ஆறரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதன் வேகம் ராணுவத்து 9 மில்லிமீட்டர்க் குண்டின் வேகத்தில் பாதியைச் சற்றே தாண்டும். "பலவீனந்தான்" என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார் சுபேதார். ஆனால் உதை குறைவாதலால் இரண்டாவது குண்டும் முதற் குண்டு போன இடத்துக்கே போகும் என்பதையும், நகைக்கடையில் கள்ளனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தாயும் குழந்தையும் வளையல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஆகவே ரிவால்வர் என்று முடிவாயிற்று; எந்த ரிவால்வர் என்பதுதான் மீதம். கான்பூர் பீரங்கித் தொழிற்சாலையார் 2014-இல் வெளியிட்ட 'நிர்பீக்' வந்தது: டைட்டானியக் கலவையில் செய்த, 500 கிராமே எடையுள்ள, பார்வைக்கு நேர்த்தியான சாதனம். டில்லியில் 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களின் தற்காப்புக்கென்று விளம்பரப்படுத்தப்பட்டது. வெளிவந்தபோது அதன் விலை 1,22,360 ரூபாய். இரவில் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களில் எத்தனை பேரால் அதை வாங்க முடியும் என்று விலை நிர்ணயித்தவர்கள் யோசித்தார்களா என்பது என் சந்தேகம். சுபேதாரின் தடித்த விரல்களுக்கு அதன் பிடி போதவில்லை. சுண்டுவிரல் அந்தரத்தில் நின்றது. அதற்கு மூத்ததான, கான்பூர்ச் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் பழைய .32 ரிவால்வர், ஏறத்தாழ 700 கிராம் எடையில், வெப்லியின் வம்ச லட்சணங்கள் அத்தனையும் துலங்க, அழகு என்ற எண்ணமே இல்லாமல் செய்யப்பட்டிருந்தது. அது அவருடைய உள்ளங்கையில் அடக்கமாக அமர்ந்தது. கடைக்காரரின் அனுமதியோடு டம்மித் தோட்டாக்களை இட்டு, முன் குமிழுக்கு அருகே குழலின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லி, வெறும் சுவரை நோக்கி விசையை நீள இழுத்தார். முதல் தடவை நாணயம் விழுந்தது. மூன்றாம் தடவை விழவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டும் ஒரு முறை பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு முன் குமிழ் மங்கலாகவே தெரியும் என்பதால், அதன் நுனியில் வெள்ளைப் புள்ளி ஒன்று வைக்கலாமா என்று கேட்டார். கடைக்காரர், தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நானே வைத்துத் தருகிறேன்" என்றார்.

பக்கத்துத் தோல் கடையில் நடந்தது இதைவிட நீண்ட சம்பாஷணை. துப்பாக்கி இன்னதென்று தேர்ந்தவர்கள், உறையைக் கைக்கு வந்ததை வாங்கிவிடுகிறார்கள் என்பது சுபேதாரின் நெடுநாளைய மனத்தாங்கல். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலை ஊரில் பார்த்து வளர்ந்தவர், இங்கே கருவேலம் பட்டையில் பதனிட்ட தோலை முகர்ந்தும் வளைத்தும் பார்த்தார். குரோம் உப்பில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், வடிவம் நில்லாது. பட்டைத் தோல் விறைப்பாக நின்று, ஆயுதத்தை எடுத்த பிறகும் வாய் திறந்தே இருக்கும், ஒற்றைக் கையால் திருப்பிச் செருகலாம். ஆயினும் இரவில் ஆயுதத்தை அதிலேயே வைத்துவிடக் கூடாது. நம்மூர் வியர்வையைத் தோல் குடித்து எஃகுக்குக் கொடுத்துத் துருவேற்றிவிடும். தையல்காரர் கடைசியில் ஒரு நாற்காலியைப் போட்டு, "காரில் எங்கே உட்காருவீர்கள்?" என்று கேட்டார். மெய்க்காவலர் உட்காருவது ஓட்டுநருக்கு இடப்புறத்தில். அந்த ஆசனத்தின் பாதுகாப்பு வார், இடத்தோளிலிருந்து இறங்கி வலது இடுப்பில்தான் பூட்டிக்கொள்ளும். ஆயுதம் இருப்பதும் வலது இடுப்பு. இதைச் சுபேதார் அதுவரை யோசித்திருந்தாரோ என்னவோ, நாற்காலியில் அமர்ந்து, துணிப் பட்டை ஒன்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, எடுத்தும் செருகியும் பார்த்தார். இடப்பக்கம் குறுக்காக அணிந்தால் எடுப்பது சுலபம். ஆனால் கூட்டத்தில் எதிரே நிற்பவன் கைக்குப் பிடி எட்டிவிடும் என்று அதைத் தள்ளினார். வலது இடுப்பிலேயே, வார்ப் பூட்டுக்கு மேலாக இரண்டு அங்குலம் உயர்த்தி, கட்டைவிரலால் தட்டினால் திறக்கும் பித்தளைக் குமிழ் வைத்த வாரோடு செய்யச் சொன்னார்.

இப்படி உடம்புக்கும் ஆயுதத்துக்கும் சமரசம் தேடிய மனிதர்களில் பிரசித்தமான ஒருவர் இதே மாகாணத்தோடு சம்பந்தப்பட்டவர். 1858 ஆகஸ்டில், பிலிபித்துக்கு அருகே நடந்த சண்டையில் இடக்கையை இழந்த சாம் பிரௌன் என்ற அதிகாரி, வாளுறையைப் பிடித்துக்கொள்ளக் கையில்லாத குறையை ஈடுகட்டத் தோளுக்குக் குறுக்கே ஒரு வாரை மாட்டிக்கொண்டார். பின்னால் உலகத்துப் படைகளெல்லாம் அதையே உடுப்பாக ஆக்கிக்கொண்டன. தையல்காரருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. தெரியாதவன் நான்தான்.

மறுநாள் கல்பி ரோடு வழியாக அர்மாப்பூர் போனோம். யுத்த காலத்தில், 1942-இல் ஸ்தாபிதமான சிறு ஆயுதத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. சுபேதார் பட்டாளத்தில் சுமந்த 9 மில்லிமீட்டர் கார்பைனும் அங்கே பிறந்ததே. 2021 அக்டோபர் முதல் தேதியன்று பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, துப்பாக்கி செய்யும் தொழிற்சாலைகளின் தலைமையிடம் கான்பூருக்கே வந்தது. உரிமம் இல்லாத எனக்கு உள்ளே வேலையில்லை. வாசலுக்கு எதிரே இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, ஷிப்டு மாறும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே பார்க்கப் போனது 2023 ஆகஸ்டில் வெளிவந்த 'பிரபல்' என்னும் புதிய .32 ரிவால்வரை. நடுவில் முறியாமல், உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும் அமைப்பு. 76 மில்லிமீட்டர்க் குழல். தோட்டா நீங்கலாக 675 கிராம். 50 மீட்டர் தூரம் குறி தவறாது என்பது விளம்பரம்.

திரும்பி வந்தவர் அதைப் புகழ்ந்தே பேசினார். சட்டகம் திடமானது, விசை இலகுவானது. ஆனால், "50 மீட்டர் தூரத்தில் நிற்பவனை மெய்க்காவலன் எதற்காகச் சுட வேண்டும்? முதலாளியை இழுத்துக்கொண்டு ஓடிவிட 50 மீட்டர் போதாதா?" என்று கேட்டார். புதிய மாதிரி இன்னும் சில வருஷம் பிறர் கையில் தேய்ந்து தன் குணத்தைக் காட்டட்டும். பழையதற்கு நம்மூரிலும் பழுது பார்ப்பவர் இருக்கிறார், உறையும் தைத்தாயிற்று, ரைபிள் கிளப்பில் அதே மாதிரியை எடுத்துப் பயிலலாம். மெஸ்டன் ரோட்டில் கண்டதே அவருடைய தேர்வு. எங்கள் பக்கத்து வியாபாரி மூலமாகத் தருவித்துக்கொள்வது என்று தீர்மானித்தார்.

அன்று மாலை சதிசௌரா கட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவர் ரிவால்வரைப் பற்றிப் பேசாமல் சட்டத்தைப் பற்றியே பேசினார். தனியார் காவலனுக்குப் போலீஸ்காரனுக்குள்ள அதிகாரம் எதுவும் இல்லை. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்ததைப் போலவே, எந்தப் பிரஜைக்கும் உள்ள தற்காப்பு உரிமையையே அவனுக்கும் கொடுக்கின்றன. ஆபத்தின் அளவை மீறித் தீங்கு செய்யலாகாது, ஆபத்து நீங்கிய பிறகு செய்யலாகாது. நகையைப் பறித்துக்கொண்டு முதுகு காட்டி ஓடுகிறவனைச் சுட்டுவிட்டுக் கோர்ட்டில் நிற்கும் காவலனுக்குப் பக்கத்தில் முதலாளி நிற்க மாட்டார் என்பதை அவர் மிகவும் நிதானமாகச் சொன்னார். நான் பார்க்க வந்த கட்டத்தை நான் அரைகுறையாகவே பார்த்தேன்.

திரும்பும் ரயிலில், முதலாளிக்கு எழுத வேண்டிய நிபந்தனைகளை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உரிமத்தில் குறித்த வருஷாந்தரத் தோட்டாவில் பெரும் பகுதி பயிற்சிக்கே செலவாகும், அந்தச் செலவு முதலாளியுடையது. முதலாளி வீட்டில் மது பரிமாறும் விருந்துகளுக்கு ஆயுதத்தோடு வர இயலாது. விடுமுறை நாளில் ஆயுதத்தை எவருக்கும் இரவல் தருவதற்கில்லை, முதலாளியின் மகனுக்கும் கூட. இரவில் இறக்கி வைக்கக் கார் ஷெட்டில் மணல் நிரப்பிய தொட்டி ஒன்று வேண்டும். வார்தாவுக்கு முன்னால் அதைப் படம் எடுத்து அனுப்பினோம். பல்லார்ஷாவில் பதில் தொலைபேசியில் வந்தது. மணல் தொட்டி உட்பட எல்லாவற்றுக்கும் சம்மதம். ஒன்றே ஒன்று மட்டும் அவருடைய விண்ணப்பம்: சட்டைக்கு வெளியே, நாலு பேர் பார்க்கும்படி அணிந்துகொண்டு கடை வாசலில் சற்று நேரம் நிற்க முடியுமா?

"பொதுவிடத்தில் ஆயுதத்தைக் காட்டிக்கொண்டு நிற்க 2016 விதிகள் இடம் கொடுக்கவில்லை" என்று சுபேதார் மரியாதையாகவே ஆரம்பித்தார். பிறகு, பக்கத்து ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தி, "ஐயா, காட்டுவதற்கு வேண்டுமானால் 12 போர் இரட்டைக் குழலோடு ஒருவரை வாசலில் போடுங்கள்; எங்கள் ஊரிலேயே நல்ல ஆள் இருக்கிறார், சம்பளமும் என்னைவிடக் குறைவு" என்றார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, அந்த ஆளின் பெயரையும் விலாசத்தையும் முதலாளி கேட்டு எழுதிக்கொண்டார்.